ஹார்டுவேர் வாலட் வாங்கிவிட்டேன், இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை: புதியவனுக்கு வழி சொல்லுங்கள்

மழைக்குருவி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சில காலமாகச் சிறுகச் சிறுக பிட்காயினும் கொஞ்சம் எத்தீரியமும் வாங்கி, எல்லாவற்றையும் எக்ஸ்சேஞ்சிலேயே (நாணயங்களை வாங்கி விற்கும் இணையச் சந்தையிலேயே) விட்டுவைத்திருக்கிறேன். பெரிய தொகை இல்லை. ஆனால் தொலைந்தால் தூக்கம் போகும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதனால் ஒரு ஹார்டுவேர் வாலட், அதாவது நாணயங்களின் சாவியைக் காக்கும் சிறு மின்னணுச் சாதனம், வாங்கினேன். வாங்கிய பிறகுதான் பயம் அதிகமானது. பெட்டி பிரிக்காமல் மேசைமேல் கிடக்கிறது.

படித்தவையெல்லாம் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. சாதனம் தொலைந்தால் காசும் போய்விடுமா? தயாரித்த நிறுவனமே மூடிக்கொண்டு போய்விட்டால்? சாதனம் காட்டும் 24 மீட்புச் சொற்களைக் காகிதத்தில் எழுதி வைக்கச் சொல்கிறார்கள். அந்தக் காகிதம் யார் கையிலாவது சிக்கினால், சாதனத்தைத் திறக்கும் ‘பின்’ (PIN) எண் போட்டு என்ன பயன்? தொழில்நுட்பப் படிப்பு எனக்கு இல்லை. பொறுமை உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

சாவிக்கொத்து

பிரிப்பதற்கு முன்பே கேட்டது நல்லது. உங்கள் முதல் கேள்வியிலேயே குழப்பத்தின் வேர் இருக்கிறது. காசு சாதனத்துக்குள் இல்லை. பிளாக்செயின் என்பது உலகெங்கும் ஏராளமான கணினிகளில் ஒரே மாதிரி வைக்கப்பட்டிருக்கும் பொதுப் பேரேடு. இந்த முகவரியில் இவ்வளவு என்ற வரவு அங்கேதான் இருக்கிறது. அதை வேறு முகவரிக்கு மாற்ற ஒரு கையொப்பம் வேண்டும். அந்தக் கையொப்பத்தை உண்டாக்குவது தனிச் சாவி என்ற மிகப் பெரிய எண். சாதனம் முத்திரை மோதிரம் போன்றது. கணினி ஓலையை நீட்டும். மோதிரம் முத்திரை குத்தித் திருப்பித் தரும். மோதிரம் மட்டும் விரலை விட்டுக் கழலாது. கணினியில் வைரஸ் இருந்தாலும் தனிச் சாவி அதன் கைக்குப் போகாது. 2014இல் டிரெசர் என்ற ஹார்டுவேர் வாலட் முதலில் வந்த நாளிலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை.

அந்த 24 சொற்களிலிருந்துதான் உங்கள் எல்லாச் சாவிகளும் கணக்கிடப்படுகின்றன. எனவே சாதனம் உடைந்தாலும் தொலைந்தாலும், தயாரித்த நிறுவனம் மூடப்பட்டாலும், அதே முறையை ஏற்கும் வேறொரு சாதனத்தில் அந்தச் சொற்களை வரிசை மாறாமல் உள்ளிட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடும். பின் எண் என்பது சாதனத்தைத் திருடியவனைத் தடுப்பதற்கு மட்டுமே. லெட்ஜர் என்ற இன்னொரு நிறுவனத்தின் சாதனத்தில் மூன்று முறை தவறாக அழுத்தினால் சாதனம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். டிரெசரில் ஒவ்வொரு தவறுக்கும் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போய், பல தவறுகளுக்குப் பிறகு அழியும். காகிதத்தைப் பற்றிய உங்கள் சந்தேகம் முற்றிலும் சரியானது. அது கிடைத்தவனுக்குச் சாதனமும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். பாதுகாக்க வேண்டிய பொருள் காகிதம்தான். சாதனம் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

இனி பெட்டியைப் பிரியுங்கள். உள்ளே சொற்கள் ஏற்கெனவே அச்சிட்ட அட்டையோ, சுரண்டிப் பார்க்கும் அட்டையோ இருந்தால் அதைத் தொடவே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். 2018 வாக்கில் லெட்ஜர் சாதனங்களை மறுவிற்பனை செய்த சிலர் இப்படித்தான் தாங்களே சொற்களை உருவாக்கி அட்டையில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். வாங்கியவர் காசை அனுப்பினார், விற்றவர் எடுத்துக்கொண்டார். சொற்கள் உங்கள் கண்முன், உங்கள் சாதனத்தின் திரையில், முதல் முறையாகத் தோன்ற வேண்டும். பின் எண்ணும் நீங்களே வைத்ததாக இருக்க வேண்டும்.

கணினிச் செயலியைத் தேடுபொறியில் தேடி இறக்காதீர்கள். முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் செயலிக் கடையிலேயே போலி லெட்ஜர் செயலி ஒன்று புகுந்து, இறக்கியவர்களின் பிட்காயினைச் சுருட்டியது. பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிட்ட முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

---

திண்ணைக்காரர்

சாவிக்கொத்து சொன்னது எல்லாம் சரி. ஆனால் யாருக்குச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். தொழில்நுட்பம் தெரியாது என்று அவரே எழுதியிருக்கிறார். என் கணிப்பில், புதியவர்களின் காசு திருட்டில் போவதைவிடச் சொந்தக் கையாலேயே அதிகம் போகிறது. காகிதத்தை எங்கே வைத்தோம் என்று மறப்பார்கள், குப்பையோடு கொட்டுவார்கள், ஒரு சொல்லைப் பிழையாக எழுதுவார்கள். எக்ஸ்சேஞ்சில் கடவுச்சொல்லை மறந்தால் அடையாள அட்டையைக் காட்டி மீட்கலாம். இங்கே யாரிடம் போய் முறையிடுவது? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

சிறு தொகைக்கு எக்ஸ்சேஞ்சே போதும் என்பது என் கட்சி. இரண்டடுக்கு உள்நுழைவைக் குறுஞ்செய்தியில் வைக்காமல் செயலியில் வைத்துக்கொண்டு, பணம் எடுக்கும் முகவரிகளைப் பூட்டி வைத்தால் பாதி ஆபத்து போய்விடும்.

---

சாவிக்கொத்து

ஐயா, இரண்டடுக்கு உள்நுழைவு உங்கள் கணக்கைக் காக்கும். எக்ஸ்சேஞ்சை யார் காப்பது? 2014 பிப்ரவரியில் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது ஏறத்தாழ 8,50,000 பிட்காயினைக் காணவில்லை என்றார்கள். 2 லட்சம் பிறகு கிடைத்தது. மீதிக்காக வாடிக்கையாளர்கள் பத்தாண்டு காத்திருந்தார்கள். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் விழுந்தபோது அங்கிருந்தவர்களில் பலர் வலுவான கடவுச்சொல் வைத்திருந்தவர்கள்தாம். அவர்கள் கையில் இருந்தது நாணயம் அன்று, நிறுவனத்தின் கணக்கில் ஒரு வரி.

ஆனால் நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஒரு மாதச் செலவுக்குக்கூட ஆகாத தொகைக்கு இந்தப் பாடு வேண்டியதில்லை. மழைக்குருவி தூக்கம் போகும் என்கிறார். அந்த அளவு வந்துவிட்டால் வேண்டும்.

---

ஓலைச்சுவடி

பின் எண், செயலி எல்லாம் பேசியாயிற்று. எழுதுவதைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை. கோட்டை விடுவது பெரும்பாலும் அங்கேதான்.

சொற்கள் 2048 சொற்கள் கொண்ட நிலையான ஆங்கிலப் பட்டியலிலிருந்து வருகின்றன. பிஐபி-39 என்ற முறை, 2013இல் முன்வைக்கப்பட்டது. முதல் நான்கு எழுத்தைப் பார்த்தாலே எந்தச் சொல் என்று தெரிந்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள். இருந்தும் சறுக்குகிற இடங்கள் உண்டு. ‘ஃபேன்’, ‘ஃபன்’ இரண்டும் பட்டியலில் இருக்கின்றன. வேறுபாடு நடுவில் ஒரே ஓர் எழுத்து. அவசரக் கையெழுத்தில் அந்த ‘ஏ’யும் ‘யு’வும் ஒன்றுபோல விழும். ‘வேர்’ (wear), ‘இயர்’ (year) இரண்டும் இருக்கின்றன. ‘ஏபிள்’, ‘கேபிள்’, ‘டேபிள்’ மூன்றும் இருக்கின்றன. முதல் எழுத்து மடிப்பில் அழிந்தால் எது என்று சொல்ல முடியாது. எனவே சேர்த்தெழுதாமல், பெரிய எழுத்தில், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு எழுதுங்கள். எழுதி முடித்ததும் கடைசியிலிருந்து முதலுக்குத் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னிருந்து படித்தால் கண் பழக்கத்தில் ஓடிவிடும்.

கடைசிச் சொல்லுக்குள் சரிபார்ப்புத் துணுக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. தவறான சொல்லை இட்டால் பெரும்பாலும் சாதனம் ஏற்காது. பெரும்பாலும்தான். 12 சொல் முறையில் 16இல் ஒரு தவறான கோவை தப்பிப் போய்விடும்; 24 சொல்லில் 256இல் ஒன்று. தப்பிப் போனால் சாதனம் பிழை காட்டாது, வெறும் வாலட்டைத் திறந்து காட்டும். ‘என் காசைத் திருடிவிட்டார்கள்’ என்று அலறுபவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான்.

உங்கள் சாதனம் 20 சொல் காட்டினால் திகைக்க வேண்டாம். டிரெசரின் புதிய மாதிரிகள் எஸ்எல்ஐபி-39 என்ற வேறு முறையைப் பயன்படுத்துகின்றன. அதன் பட்டியல் வேறு, 1024 சொற்கள். எல்லாத் தயாரிப்பாளர்களின் சாதனமும் அதை ஏற்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பேனாவை விடப் பென்சில் மேல். ஈரம் பட்டால் மை பரவும், கரி பரவாது. பெரிய தொகையானால் எஃகுத் தகட்டில் எழுத்துகளைக் குத்தி வையுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறிடத்தில். புகைப்படம் கூடாது, அச்சு இயந்திரம் கூடாது, மின்னஞ்சல் வரைவு கூடாது, ‘மறைவான’ கோப்புறை கூடவே கூடாது. கைப்பேசியில் எடுத்த படம் நீங்கள் அறியாமலேயே மேகச் சேமிப்புக்குப் போய்விடும். படங்களில் இருக்கும் எழுத்தைப் படித்து இந்தச் சொற்களையே தேடும் தீநிரல்கள் இருக்கின்றன.

காகிதத்தைப் பாதியாகக் கிழித்து இரண்டு இடத்தில் வைக்கும் யோசனையை யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஒரு பாதி அழிந்தாலும் எல்லாம் போயிற்று. 12 சொல் கோவையாக இருந்தால் ஒரு பாதி கிடைத்தவனுக்கு மீதியைக் கண்டுபிடிக்கும் வேலை ஆபத்தான அளவுக்குச் சுருங்கிவிடும்.

---

நுணுக்கன்

பெட்டி பற்றி ஒரு சேர்க்கை. ‘முத்திரை பிரிக்கப்படாமல் வந்தது’ என்பது எதையும் நிரூபிக்காது. 2023 மே மாதம் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு போலி டிரெசர் மாடல் டி-யைப் பிரித்துப் பார்த்து எழுதினார்கள். வெளித்தோற்றமும் ஒட்டுமுத்திரையும் அசல்போலவே இருந்தன. உள்ளே ஃபர்ம்வேர் (சாதனத்தை இயக்கும் நிரல்) மாற்றப்பட்டிருந்தது. சாதனம் ‘தற்செயலாக’ உருவாக்கியதாகக் காட்டிய சொற்கோவை, முன்பே தயாரித்து வைத்த 20 கோவைகளில் ஒன்று. கூடுதல் கடவுச்சொல் போட்டாலும் அதன் முதல் எழுத்தை மட்டுமே எடுத்துக்கொண்டது. சாதனம் வாங்கியவர் கையை விட்டு நகரவேயில்லை. காசு மட்டும் போய்விட்டது.

எனவே தயாரிப்பாளரிடமோ அவர்கள் பெயர் குறிப்பிட்ட விற்பனையாளரிடமோ வாங்கியதாக இருக்கட்டும். பழைய பொருளாக யாரும் தருவதை வாங்காதீர்கள். அசல் செயலி முதல் இணைப்பின்போது சாதனம் அசலா என்று சோதிக்கும்; அதைத் தவிர்த்துவிட்டு மேலே போகாதீர்கள்.

---

மழைக்குருவி

எல்லாருக்கும் நன்றி. பெட்டி தயாரிப்பாளரிடமிருந்தே நேராக வந்தது. அச்சிட்ட அட்டை எதுவும் இல்லை, வெற்று அட்டை மட்டும். சொற்களை எழுதி, ஓலைச்சுவடி சொன்னபடி பின்னிருந்து முன்னாக ஒப்பிட்டேன். அசல் சோதனையும் தேறியது.

இப்போது புதுக் குழப்பம். சிறு தொகை ஒன்றைப் பெறலாம் என்று ‘பெறு’ பொத்தானை அழுத்தினால் ஒரு பிட்காயின் முகவரி. நேற்று காட்டியது வேறு. இரண்டில் எது என்னுடையது? இன்னொன்று: இந்த இழையில் எழுதிய சற்று நேரத்தில் ‘வாலட் உதவிக்குழு’ என்ற பெயரில் தனிச்செய்தி வந்திருக்கிறது. சாதனத்தைப் ‘பதிவு’ செய்ய ஒரு படிவத்தை நிரப்பச் சொல்கிறார்கள்.

---

நெறியாளர்

அந்தக் கணக்கு நீக்கப்பட்டுவிட்டது. இதே இழையில் அது இட்டிருந்த பதிவையும் நீக்கியிருக்கிறோம். படிவத்தில் 24 கட்டங்கள் இருந்தன. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எந்தத் தயாரிப்பாளரும், எந்த உதவிக்குழுவும், இங்குள்ள நெறியாளர்களும் மீட்புச் சொற்களைக் கேட்கமாட்டார்கள். தனிச்செய்தியில் ‘உதவ’ வருபவர்களைப் புகார் பொத்தானில் தட்டிவிடுங்கள். பதில் பொது இழையில் வந்தால் தவறைப் பத்துப் பேர் பார்த்துத் திருத்துவார்கள்.

---

நுணுக்கன்

நெறியாளர் சொன்னதோடு: இது தபாலிலும் வரும். 2020இல் லெட்ஜரின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்து, அந்த ஆண்டு டிசம்பரில் பொதுவெளிக்கு வந்தது. ஏறத்தாழ 2,72,000 பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண். சாவிகள் எதுவும் கசியவில்லை. ஆனால் அந்த முகவரிகளுக்கு ‘உங்கள் சாதனத்தை மாற்றித் தருகிறோம்’ என்று கடிதத்தோடு போலிச் சாதனமே வந்து இறங்கியது. உங்கள் பெயரும் முகவரியும் தெரிந்திருப்பதாலேயே ஒருவர் நிறுவனத்தைச் சேர்ந்தவர் ஆகிவிடமாட்டார்.

---

சாவிக்கொத்து

இரண்டு முகவரியும் உங்களுடையவை. நாளை மூன்றாவது வரும், அதுவும் உங்களுடையது. உங்கள் சொற்களிலிருந்து எண்ணற்ற முகவரிகளைக் கணக்கிடலாம். ஒவ்வொரு வரவுக்கும் புதியதைக் காட்டுவது, உங்கள் மொத்த இருப்பையும் ஒரே முகவரியை வைத்து யாரும் பார்த்துவிடாமல் இருப்பதற்காக. பழைய முகவரிக்கு வந்தாலும் சேரும். எத்தீரியத்தில் அப்படி மாறாது. ஒரு கணக்குக்கு ஒரே முகவரி.

முக்கியம் எது என்றால், முகவரியைக் கணினித் திரையில் பார்த்து நகலெடுத்து முடித்துவிடாதீர்கள். ‘சாதனத்தில் காட்டு’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, சாதனத்தின் சின்னத் திரையில் வரும் எழுத்துகளோடு ஒப்பிடுங்கள். நகலெடுத்த முகவரியை ஒட்டும் நேரத்தில் சத்தமில்லாமல் மாற்றிவிடும் தீநிரல்கள் பல ஆண்டுகளாக உலவுகின்றன. கணினி பொய் சொல்லலாம் என்ற சந்தேகத்தில்தானே சாதனம் வாங்கினோம். பிறகு கணினியையே நம்பினால் எப்படி?

முன்னும் பின்னும் நான்கு எழுத்து பார்த்தால் போதும் என்பவர்களை நம்ப வேண்டாம். அந்த நான்கும் ஒத்துப்போகும்படி போலி முகவரி செய்து, அதிலிருந்து ஒன்றுமில்லாத ஒரு பரிவர்த்தனையை உங்கள் வரலாற்றில் செருகி வைப்பார்கள். அடுத்த முறை வரலாற்றிலிருந்து நகலெடுப்பீர்கள் என்பது கணக்கு. 2024 மே மாதம் ஒருவர் இப்படி ஏறத்தாழ 6 கோடியே 80 லட்சம் டாலர் மதிப்பை அனுப்பிவிட்டார். பெரும் பேரம் நடந்து பிறகு திரும்பக் கிடைத்தது. எல்லாருக்கும் அப்படிக் கிடைக்காது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது போல முதலில் மிகச் சிறு தொகை. அது வந்து சேர்ந்ததும் அடுத்த அடியை வையுங்கள், யாரும் வைக்காத அடி: சாதனத்தை அழித்துவிடுங்கள். தவறான பின் எண் போட்டோ, அமைப்புகளுக்குள் போயோ முழுவதும் அழித்து, காகிதத்தை மட்டும் வைத்து மீட்டெடுங்கள். சொற்களைச் சாதனத்திலேயே உள்ளிடுங்கள். சோதித்துப் பார்க்கிறேன் என்று கைப்பேசிச் செயலி எதிலும் தட்டிவிடாதீர்கள். அந்த நொடியில் வாங்கிய சாதனம் வீணாகிவிடும். அதே சிறு தொகை திரும்பத் தெரிந்தால் உங்கள் காகிதம் சரி.

---

பனங்கிழங்கு

எல்லாரும் விட்டுவிட்டது: 25ஆவது சொல், அதாவது பாஸ்பிரேஸ் என்று மீட்புச் சொற்களோடு நீங்களே சேர்க்கும் கூடுதல் கடவுச்சொல். பாஸ்பிரேஸ் போட்டுக்கொள்ளுங்கள் மழைக்குருவி. காகிதம் திருடு போனாலும் கவலையில்லை. 2020 ஜனவரியில் கிராக்கன் எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்பு ஆய்வகம் ஒரு டிரெசரை 15 நிமிடம் கையில் வைத்திருந்தாலே சொற்களை எடுத்துவிடலாம் என்று செய்து காட்டியது. அதற்கும் மருந்து பாஸ்பிரேஸ்தான்.

---

திண்ணைக்காரர்

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவரை வானம் ஏறச் சொல்கிறீர்கள். தம்பி பனங்கிழங்கு, பாஸ்பிரேஸில் ‘தவறு’ என்று ஒன்று கிடையாது என்பதை ஏன் சொல்லவில்லை? எதை அடித்தாலும் ஏதோ ஒரு வாலட் திறக்கும். ஒரு பெரிய எழுத்து சின்னதாகிவிட்டால், ஒரு இடைவெளி கூடிவிட்டால், வேறு வாலட், வெறும் வாலட். மீட்டுத்தர யாரும் இல்லை. நினைவில் வைத்திருப்பேன் என்பார், மறப்பார். காகிதத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்தால் போட்டதே வீண்.

---

ஓலைச்சுவடி

அபூர்வமாகத் திண்ணைக்காரரோடு உடன்படுகிறேன். பனங்கிழங்கு சொன்ன தாக்குதல் உண்மை; ஆனால் சாதனம் எதிரியின் கையில், ஆய்வகக் கருவிகளோடு இருக்க வேண்டும். அதே நிறுவனத்தின் பிந்தைய மாதிரிகளில் தனிப் பாதுகாப்புச் சில்லு சேர்த்துவிட்டார்கள். முதல் ஆண்டில் பாஸ்பிரேஸ் வேண்டாம். பழகிய பிறகு, வேறிடத்தில் எழுதி வைக்க இடம் இருந்தால் மட்டும்.

---

பனங்கிழங்கு

புதியவருக்கு முதல் நாளே வேண்டாம் என்பதை ஏற்கிறேன். வேண்டவே வேண்டாம் என்பதை ஏற்கமாட்டேன்.

---

நுணுக்கன்

மழைக்குருவி எத்தீரியமும் வைத்திருப்பதாகச் சொன்னார். அதனால் இதைச் சொல்லியாக வேண்டும். பிட்காயினில் கையொப்பம் என்றால் ‘இவ்வளவு, இந்த முகவரிக்கு’ என்று சாதனத் திரையில் தெளிவாகத் தெரியும். எத்தீரியத்தில் ஸ்மார்ட் ஒப்பந்தங்களோடு (பிளாக்செயினில் தானே இயங்கும் நிரல்களோடு) பேசும்போது பல நேரம் படிக்க முடியாத எண்வரிசைதான் தெரியும். சாதனம் உங்களைக் கேட்கும். நீங்கள் ‘சரி’ அழுத்தினால் அது சரியாகவே கையொப்பம் இடும். எதற்கு இட்டது என்பது உங்களுக்குத்தான் தெரியாது.

2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள எத்தீரியம் போனது. கையொப்பமிட்டவர்கள் பலர், ஹார்டுவேர் வாலட்டும் இருந்தது. அவர்கள் பார்த்த இணையப் பக்கம் வழக்கமான பரிமாற்றத்தைக் காட்டியது; சாதனத்துக்குப் போனது வேறு. யாரும் சாவியைத் திருடவில்லை. கையொப்பத்தை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். 2023 டிசம்பரில் இணையதளங்களை வாலட்டோடு இணைக்கும் லெட்ஜரின் நிரல்தொகுப்பிலேயே தீநிரலைச் செருகி, பல தளங்களின் பயனர்களிடம் இதே முறையில் கறந்தார்கள்.

‘இலவச டோக்கன்’ (எத்தீரியத்தின் மேல் யாரும் உருவாக்கக்கூடிய நாணயம்) பக்கங்கள் கேட்பது பெரும்பாலும் அனுப்பும் கையொப்பம்கூட இல்லை. உங்கள் டோக்கனை எடுத்துக்கொள்ள வரம்பில்லாத ஒப்புதல். இன்று ஒன்றும் நடக்காது. அடுத்த மாதம் நடக்கும். நீங்கள் கேட்காமலேயே வாலட்டில் புது டோக்கன் ஏதாவது வந்து உட்கார்ந்திருந்தால் அதை விற்கவோ அனுப்பவோ முயலாதீர்கள், இருக்கட்டும். சேமிப்பு வாலட்டை எந்த இணையதளத்தோடும் இணைக்காதீர்கள். விளையாட ஆசை இருந்தால் தனியாக வேறு சொற்களோடு சிறு வாலட் வைத்துக்கொள்ளுங்கள்.

---

கடலோடி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்து, ஒருவர் திடீரென்று இறந்துவிட்டால்? குடும்பத்துக்கு இது ஒரு பென்டிரைவ் என்றுதானே தோன்றும்?

---

ஓலைச்சுவடி

சரியான கேள்வி. சொற்களை முன்கூட்டியே கொடுக்க வேண்டியதில்லை. சொற்கள் இல்லாத ஒரு கடிதம் எழுதி வையுங்கள்: இப்படி ஒரு சொத்து இருக்கிறது, சாதனம் இங்கே இருக்கிறது, இன்னொரு உறை இன்ன இடத்தில் இருக்கிறது, அதில் உள்ளதை யாரிடமும் சொல்லாதீர்கள், எந்த இணையதளத்திலும் தட்டாதீர்கள், இன்னாரை அருகில் வைத்துக்கொண்டு புதிய சாதனத்தில் உள்ளிடுங்கள். துக்கத்தில் இருப்பவர் படிக்கும் கடிதம் அது, எளிய மொழியில் இருக்க வேண்டும். உயிலில் சொற்களை எழுதிவிடாதீர்கள்; அது எத்தனை கைகள் மாறும் என்று உங்களுக்குத் தெரியாது. நம்பகமான ஒருவருக்கு ஒரு முறை சிறு தொகையில் செய்து காட்டிவிட்டால் இன்னும் நல்லது.

---

மழைக்குருவி

அழித்துப் பார்த்துவிட்டேன். ‘எல்லாத் தரவும் நீக்கப்படும்’ என்று திரையில் வந்தபோது கை நடுங்கியது உண்மை. சொற்களை ஒவ்வோர் எழுத்தாக இரண்டே பொத்தானில் உள்ளிடுவது பெரும் பொறுமைச் சோதனை. முதல் மூன்று நான்கு எழுத்திலேயே அதுவே சொல்லை முடித்துத் தருவதால் தப்பித்தேன். முடிந்ததும் அனுப்பிய சிறு தொகை அப்படியே இருந்தது. அந்தத் தொகையை எக்ஸ்சேஞ்சுக்குத் திருப்பி அனுப்பியும் பார்த்தேன், போய்ச் சேர்ந்தது. திண்ணைக்காரர் ஐயா, உங்கள் எச்சரிக்கையால்தான் காகிதத்தை இன்னொரு முறை எழுதி வேறிடத்தில் வைத்தேன்.

இப்போது மீதியை மாற்ற வேண்டும். பயத்தில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பலாம் என்றிருக்கிறேன். கொஞ்சம் யுஎஸ்டிடி-யும் (டாலர் மதிப்பை ஒட்டிய நாணயம்) இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் எந்த நெட்வொர்க் என்று கேட்கிறது.

---

திண்ணைக்காரர்

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், இனி நான் தடுப்பதாக இல்லை. எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் விட்டுவையுங்கள், விற்க வேண்டிய அவசரத்துக்கு ஆகும்.

---

சாவிக்கொத்து

தினமும் கொஞ்சமாக வேண்டாம். பிட்காயினில் ஒவ்வொரு வரவும் தனித்தனித் துண்டாகவே இருக்கும். பின்னால் மொத்தமாக அனுப்பும்போது ஒவ்வொரு துண்டுக்கும் சேர்த்து நெட்வொர்க் கட்டணம் ஏறும். நெரிசலான நாளில் சிறு துண்டுகளை நகர்த்தும் கட்டணம் அவற்றின் மதிப்பையே தின்றுவிடும். ஒரு சிறு சோதனை ஏற்கெனவே முடிந்துவிட்டது. மீதியை இரண்டு மூன்று பகுதிகளாக அனுப்புங்கள், ஒவ்வொரு முறையும் முகவரியைச் சாதனத்தில் முழுதாகப் பார்த்துவிட்டு.

யுஎஸ்டிடி விஷயத்தில் எத்தீரியம், டிரான் என்று இரண்டு பிளாக்செயின்களையும் காட்டும். பெயர் ஒன்றுதான், பேரேடு வேறு. எந்த நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அந்த நெட்வொர்க்கின் கணக்கைச் சாதனத்தில் முதலில் திறந்து, அங்கே வரும் முகவரியைக் கொடுங்கள். உங்கள் சாதனம் அந்த நெட்வொர்க்கை ஆதரிக்கிறதா என்பதைத் தயாரிப்பாளரின் பட்டியலில் பாருங்கள். பின்னால் அந்த யுஎஸ்டிடி-யை வெளியே அனுப்பக் கட்டணம் யுஎஸ்டிடி-யாக எடுக்கப்படாது; எத்தீரியத்தில் இருந்தால் அதன் நாணயமான ஈத்தரும், டிரானில் இருந்தால் அதன் நாணயமான டிஆர்எக்ஸும் அதே முகவரியில் கொஞ்சம் இருக்க வேண்டும். உங்களிடம் ஈத்தர் ஏற்கெனவே இருப்பதால் எத்தீரியம் வழியே எடுத்துக்கொள்வது எளிது, எடுக்கும் கட்டணம் சற்று அதிகமானாலும். முதலில் ஈத்தரை மாற்றுங்கள், அது வந்து சேர்ந்த பிறகு யுஎஸ்டிடி.